கேட்காமல் செய்த உதவி

பிறருக்கு நாம் செய்கிற உதவி நன்றாக முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்ல வேண்டியவர் யார்? செய்தவரா, பெற்றுக் கொண்டவரா? 'இதில் என்ன சந்தேகம்? பெற்றுக் கொண்டவர்தான்' என்று நீங்கள் சொல்வீர்கள். ஆறு மாதங்களுக்கு முன் யாராவது என்னைக் கேட்டிருந்தால் நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனால் வாயால் சொல்வது ஒன்று. வீட்டில் நடந்து கொள்வது ஒன்று. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மிகச் சிறிய விஷயம். எவ்வளவு சிறியது என்றால், அதற்குக் காரணமான பொருள் ஓர் அரிசி மணியைவிடச் சற்றே பெரியது.

என் அக்காவுக்கு வயது 81. என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்கு நான்கு வயதானபோது அம்மா காலமானாள். பள்ளிக்கூடம் போய்க் கொண்டிருந்த அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்தான் அன்று முதல் எனக்கு அம்மா. பிறகு அவளுக்குக் கல்யாணமாயிற்று. குழந்தைகள் இல்லை. அத்தான் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். இருபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலோர நாற்காலி அவளுடையது.

பத்து வருஷங்களாக அவளுக்குக் காது மந்தம். ஆரம்பத்தில் நாங்கள் உரக்கப் பேசினோம். பிறகு ஒவ்வொன்றையும் இரண்டு தரம் சொன்னோம். அதற்குப் பிறகு - சொல்ல வெட்கமாக இருக்கிறது - பேசுவதையே குறைத்துக் கொண்டோம். "என்ன சொன்னே?" என்று அவள் கேட்டால் "ஒண்ணுமில்லை அக்கா" என்று சொல்லப் பழகினோம். காது மந்தமானவர்களை "ஒண்ணுமில்லை" என்ற ஒரே சொல்லால் நாம் வீட்டுக்குள்ளேயே எத்தனை சுலபமாக நாடு கடத்தி விடுகிறோம்!

ஐந்து வருஷங்களுக்கு முன் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கினோம். 'காது மெஷின்' என்றுதான் அக்கா சொல்லுவாள். காதின் பின்புறம் மறைவாக உட்கார்ந்து கொள்ளும் ஒரு சிறு கூடு. அதற்குள் ஒலியை வாங்கும் மைக்கும், அதைப் பெருக்கும் கருவியும், பாட்டரியும் இருக்கின்றன. கூட்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பி காதின் மேலாக வளைந்து துவாரத்துக்குள் இறங்குகிறது. அந்தக் கம்பியின் நுனியில் இருக்கும் அரிசி மணிதான் நான் சொன்ன பொருள். அதற்கு ரிசீவர் என்று பெயர். பெருக்கப்பட்ட ஒலியைச் செவிக்குள் சொல்லுகிற வாய் அது.

'சொல்லுகிற வாய்க்கு ரிசீவர் என்று எப்படிப் பெயர் வந்தது?' என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ரிசீவர் என்றால் பெற்றுக் கொள்வது அல்லவா? இது டெலிபோனிலிருந்து வந்த பெயர். கம்பியில் வரும் மின்சாரத்தைப் பெற்றுக் கொண்டு அதை ஒலியாக்கிக் காதுக்குக் கொடுக்கும் பாகத்துக்கு டெலிபோன்காரர்கள் ரிசீவர் என்று பெயர் வைத்தார்கள். மின்சாரத்தால் இயங்கிய முதல் காது மெஷின்கள் டெலிபோனின் உறுப்புகளைக் கொண்டே செய்யப்பட்டவை. பெயரும் கூடவே வந்துவிட்டது. ஆக, காதுக்குக் கொடுக்கிற பாகத்துக்குப் பெயர் 'பெறுவது'. அப்போது இது வேடிக்கையாக மட்டுமே இருந்தது. இதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் காலை வலக் காது மெஷின் பேசாமல் போய்விட்டது. விற்ற கடைக்குப் போனேன். கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மூன்று வாரங்கள் ஆகும் என்றார்கள். கூடவே ஒரு தொகையையும் சொன்னார்கள். தொகையைவிட எனக்குக் கோபம் மூட்டியது, என்ன கெட்டுப் போயிருக்கிறது என்று நான் கேட்டதற்குக் கிடைத்த பதில். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்றார் அந்த இளைஞர்.

இந்த வாக்கியத்தைக் கேட்டு விட்டுச் சும்மா திரும்பி வரக் கூடியவன் அல்ல நான். வால்வு ரேடியோக் காலத்து மனிதன். பேனாவிலிருந்து தையல் மெஷின் வரையில் வீட்டில் எது கெட்டாலும் பிரித்துப் பார்த்துப் பழகியவன். மெஷினைக் கையோடு வாங்கிக் கொண்டு வந்துவிட்டேன்.

இந்த விஷயத்தில் எனக்கு உதவக் கூடியவர்கள் சிலரை விசாரித்தேன், சிலவற்றைப் படித்தேன். முதலில் பார்க்க வேண்டியது பாட்டரி. பொத்தான் அளவுள்ள அந்தப் பாட்டரி காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு வேலை செய்கிறது. அதனால்தான் அதன்மேல் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டி விற்கிறார்கள். உரித்ததும் மாட்டாமல் ஓரிரு நிமிஷம் காற்றாட வைத்துவிட்டு மாட்டினால் நல்லது. அக்காவின் பாட்டரி நன்றாகவே இருந்தது. அடுத்தபடி, ரிசீவரின் நுனியில் குறும்பி உள்ளே போகாமல் தடுக்கும் கடுகளவு வெள்ளை வடிகட்டி ஒன்று உண்டு. மெஷின் செத்துவிட்டது என்று எடுத்து வருகிறவர்களில் பல பேருக்கு இந்த வடிகட்டி அடைத்துக் கொண்டிருப்பதுதான் வியாதி. இதற்கென்று ஒரு குச்சி இருக்கிறது. ஒரு முனை பழையதைப் பிடுங்கும்; மறு முனை புதியதைச் செருகும். அதையும் செய்தேன். பயன் இல்லை.

மூன்றாவது சோதனை சுவாரசியமானது. வலது ரிசீவரைக் கழற்றி இடது கூட்டிலும், இடது ரிசீவரை வலது கூட்டிலும் மாட்டிப் பார்க்க வேண்டும்; காதில் அல்ல, கையில். உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் உயிருள்ள மெஷின் 'கீ' என்று ஊளையிடும். வலது கூடு ஊளையிட்டது. வலது ரிசீவர் எங்கே போனாலும் ஊமையாகவே இருந்தது. குற்றவாளி அகப்பட்டுவிட்டது! சென்னையின் வேர்வையும் குறும்பியும் சேர்ந்து அந்த அரிசி மணியைக் கொன்றிருந்தன. மெஷின் முழுவதையும் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. ரிசீவரை மட்டும் மாற்றினால் போதும்.

வெளியூர் வியாபாரி ஒருவரிடம் டெலிபோனில் பேசினேன். எந்தக் காதுக்கு என்று கேட்டார். வலக் காது என்றேன். வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம் என்று அடையாளம் உண்டு. கம்பியின் நீளம் என்ன என்று கேட்டார். காதுக்குக் காது நீளம் வேறுபடும். அதற்கு எண்கள் இருக்கின்றன. பழைய கம்பியில் எண் இருந்தது, சொன்னேன். மூன்றாவதாக, வலிமை என்ன என்று கேட்டார். ரிசீவர்களில் சாதாரணம், நடுத்தரம், வலியது, மிக வலியது என்று தரங்கள் உள்ளன. பழைய ரிசீவரில் அந்த எழுத்து மட்டும் தேய்ந்து போயிருந்தது. "நடுத்தரமும் இருக்கு, வலியதும் இருக்கு. எது வேணும்?" என்றார்.

நான் ஒரு நிமிஷம் யோசித்தேன். அக்காவுக்கு வயது ஏறிக் கொண்டே போகிறது. காது இறங்கிக் கொண்டே போகிறது. விலையில் அதிக வித்தியாசம் இல்லை. கொடுப்பதில் என்ன கஞ்சத்தனம்? "வலியதையே அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

வாசகர்களே, தயவு செய்து இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அக்கா அப்போது என்னிடமிருந்து நான்கு கஜ தூரத்தில் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தாள். இடக் காது மெஷின் வேலை செய்து கொண்டுதான் இருந்தது. 'அக்கா, இத்தனை நாள் வலக் காதில் சத்தம் போதுமானதாக இருந்ததா?' என்று ஒரு வார்த்தை நான் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கூரியரில் பொட்டலம் வந்தது. அன்று இரவு, ப்ரூஃப் திருத்தும்போது வைத்துக் கொள்கிற பூதக்கண்ணாடியோடு மேஜை விளக்கடியில் உட்கார்ந்தேன். கூட்டின் அடியில் குண்டூசி முனையைவிட மெல்லிய ஓர் ஆணி இருக்கிறது. அதைத் தள்ளினால் பழைய கம்பி கழன்று வருகிறது. புதியதைச் செருகி ஆணியைத் திரும்பத் தள்ள வேண்டும். இவ்வளவுதான் வேலை. கை தெரிந்தவர்கள் ஐந்து நிமிஷத்தில் செய்து விடுவார்கள். எனக்கு ஒன்றரை மணி நேரமாயிற்று. ஆணி இரண்டு முறை கீழே விழுந்தது. என் மனைவி டார்ச் விளக்கை வைத்துக் கொண்டு தரையைத் துழாவினாள். கடைசியில் நுனியில் சிலிக்கோன் குமிழை மாட்டி, உள்ளங்கையில் பொத்தினேன். 'கீ!' ஒரு நாவலை எழுதி முடித்தபோது கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் உண்டானதில்லை.

அக்காவின் காதில் நானே மாட்டிவிட்டேன். "கேட்குதா அக்கா?" என்றேன். அவள் தோள் ஒரு கணம் குலுங்கியது. பிறகு சிரித்தாள். "நல்லாக் கேட்குது தம்பி. நீ எதைத் தொட்டாலும் சரியாத்தான் செய்வே" என்றாள். அந்தப் பாராட்டை ஒரு வாரம் வரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக் கொண்டிருந்தேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது சார்" என்ற இளைஞரை மனத்துக்குள் எத்தனை தடவை தோற்கடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

பத்துப் பதினைந்து நாட்கள் சென்றன. ஜன்னலோர நாற்காலி அடிக்கடி காலியாக இருக்கத் தொடங்கியது. அக்கா கொல்லைப் படிக்கட்டில் போய் உட்கார்ந்து கொள்ளுவாள். பாத்திரம் தேய்க்கிற வேளையில் சமையலறைப் பக்கமே வரமாட்டாள். டெலிவிஷன் போட்டால் எழுந்து போய்விடுவாள். சில சமயம் வலக் காது மெஷின் அவள் மடியில் கிடக்கும். "ஏன் அக்கா?" என்றால், "வேர்வையிலே அரிக்குது தம்பி. கொஞ்சம் காத்தாடட்டும்" என்பாள். வயதானால் தனிமையை விரும்புவார்கள் போலிருக்கிறது என்று எண்ணிக் கொண்டேன். கதாசிரியன் அல்லவா? மனித சுபாவத்தைப் பற்றி ஒரு முடிவு கட்ட எனக்குச் சொல்லியா தர வேண்டும்?

உண்மையைக் கண்டு பிடித்தது என் ஒன்பது வயதுப் பேத்தி. ஒரு நாள் சமையலறையில் எவர்சில்வர் தட்டு ஒன்று கை தவறித் தரையில் விழுந்தது. எல்லாரும் தட்டைப் பார்த்தோம். குழந்தை அக்காவைப் பார்த்தாள். அக்கா வலக் காதைக் கையால் பொத்திக் கொண்டு கண்ணை மூடிக் கொண்டிருந்தாள்.

"அத்தைப் பாட்டி, வலிக்குதா?" என்று குழந்தை கேட்டாள்.

"ஆமாண்டா கண்ணு" என்றாள் அக்கா.

"எப்போதிலிருந்து?"

"தாத்தா மாட்டினாரே, அன்னையிலிருந்து."

எனக்குப் பேச நா எழவில்லை. சற்றுப் பொறுத்து, "ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை?" என்றேன்.

"ராத்திரி முழுக்கக் கண்ணைக் குத்திக்கிட்டு உட்கார்ந்து செஞ்சியே தம்பி. எப்படிச் சொல்றது?" என்றாள்.

மறுநாளே அவளை ஓர் ஆடியாலஜிஸ்டிடம் அழைத்துப் போனேன். செவித்திறனைச் சோதிப்பதற்கென்று படித்த இளம் பெண். அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? தம் நாற்காலியை அக்காவின் பக்கம் திருப்பிப் போட்டுக் கொண்டார். நான் ஆரம்பித்த விருத்தாந்தத்தைக் கையமர்த்திவிட்டு, "அம்மா சொல்லட்டும்" என்றார். எந்தச் சத்தம் தொந்தரவு செய்கிறது, யார் பேச்சு புரிகிறது, எப்போது கழற்றத் தோன்றுகிறது என்று முகத்துக்கு நேரே நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவும் சொன்னாள். பத்து வருஷங்களில் அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

சோதனை முடிந்த பிறகு அந்தப் பெண் எனக்கும் விளங்கும்படி ஒன்று சொன்னார். முதுமையில் வரும் இந்த மாதிரிச் செவிக் குறையில் மெல்லிய ஓசைகள் காதில் விழுவதில்லை. ஆனால் பலத்த ஓசைகள் நமக்கு எவ்வளவு பலமாகத் தோன்றுமோ, ஏறக்குறைய அதே பலத்தோடு அவர்களுக்கும் தோன்றும். "ஒரு அறையிலே தரையை மட்டும் உசத்திட்டாங்க, கூரை அப்படியே இருக்குன்னு வைச்சுக்குங்க சார். நடுவிலே இருக்கிற இடம் குறுகிடுது இல்லையா? அந்தக் குறுகின இடத்துக்குள்ளே ஒலியைக் கொண்டு வந்து நிறுத்தணும். அதிகமாக் கொடுத்தா நல்லதுங்கிறது இல்லை" என்றார். டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகும். இருபது கூடினால் நூறு மடங்கு. மெஷினை அமைத்தபோது எந்த ரிசீவருக்கு ஏற்ப அமைத்தார்களோ, அதைவிட வலிய ஒன்றை மாட்டினால் கணக்கு முழுவதும் புரண்டு விடும். வலிப்பது மட்டும் அல்ல, நாளடைவில் மிச்சமிருக்கும் செவித்திறனுக்கும் கேடு வரலாம். 'கொஞ்சம் சத்தமாப் பேசு' என்று சொன்ன கிழவரே, நாம் குரலை உயர்த்தியதும் 'ஏன் கத்துறே?' என்று கோபித்துக் கொள்வதைப் பார்த்து நாம் சிரித்திருக்கிறோம். அவர் சொன்ன இரண்டும் சத்தியம்.

"வீட்டிலே ரிசீவர் மாத்தினதே தப்பா அம்மா?" என்று கேட்டேன்.

"தப்பே இல்லை சார். மாட்டறதை நீங்களே மாட்டலாம். எதை மாட்டறதுங்கிறதை மட்டும் கேட்டுட்டு மாட்டுங்க" என்றார்.

கேட்டுவிட்டு! வீடு திரும்புகிற வழியெல்லாம் இந்த வார்த்தையே என் மனத்தில் சுழன்று கொண்டிருந்தது. தமிழில் இது ஒரு விசித்திரமான சொல். காதில் ஒலி விழுவதற்கும் 'கேட்பது' என்று பெயர்; ஒருவரிடம் வினவுவதற்கும் 'கேட்பது' என்று பெயர். வள்ளுவர் செவியால் கற்பதைக் குறித்து ஓர் அதிகாரம் பாடி அதற்குக் 'கேள்வி' என்று பெயரிட்டார். இன்று நாம் கேள்வி என்று சொல்வதோ வினாவை. இரண்டும் எப்படி ஒரே சொல்லாயின? வினவுகிறவன்தான் செவி கொடுக்கிறான். செவி கொடுக்க மனமில்லாதவன் வினவுவதில்லை. அக்காவுக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் நான் அக்காவைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் பெரிய செவிட்டுத்தனம் எது என்று இப்போது நீங்களே சொல்லுங்கள்.

'இது என்ன, ஒரு சின்னத் தவற்றுக்கு இவ்வளவு பெரிய ஆலாபனையா?' என்று சிலர் நினைக்கலாம். வீட்டுக்குள் ஒருவன் செய்கிற தவற்றை ஊர் கூடிச் செய்தால் எப்படியிருக்கும் என்பதற்குச் சரித்திரத்தில் உதாரணம் இருக்கிறது. 1880-ஆம் ஆண்டு இத்தாலியில் மிலான் நகரத்தில் காது கேளாதோர் கல்வி பற்றி ஒரு சர்வதேச மாநாடு கூடியது. காது கேளாத குழந்தைகளுக்கு வாய்ப்பேச்சின் மூலமே கற்பிக்க வேண்டும், சைகை மொழியை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் செய்தார்கள். கூடியிருந்த நூற்றுக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஏறக்குறைய எல்லாருமே காது நன்றாகக் கேட்கிறவர்கள். அதன் பிறகு பல தேசத்துப் பள்ளிகளில் குழந்தைகள் கைகளால் பேசியதற்காகத் தண்டிக்கப்பட்டார்கள். டெலிபோனுக்கு 1876-இல் உரிமை பெற்ற அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல்லும் இந்தக் கட்சியைச் சேர்ந்தவர்தான். அவருடைய தாய்க்கும் காது மந்தம்; மனைவிக்குக் காது கேட்கவே கேட்காது. அன்பில்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. மிலான் தீர்மானம் தவறு என்று அந்த மாநாட்டின் வழிவந்த மாநாடு 2010-இல் கனடாவின் வான்கூவர் நகரத்தில் கூடி வருத்தம் தெரிவித்தது. இடையில் நூற்று முப்பது வருஷங்கள்! அந்த நல்லவர்கள் அத்தனை பேரும் குழந்தைகளுக்கு உதவி செய்யவே கூடினார்கள். உதவி பெறுகிறவர்களைக் கேட்க வேண்டும் என்றுதான் அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதிலிருந்து, நிபுணர்களிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கட்டிக் கொண்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்ல வருவதாக எண்ணி விடாதீர்கள். விலை கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க எனக்கு உரிமை இல்லை என்றால் அந்தப் பொருள் என்னுடையது ஆகாது. உலகத்தில் 43 கோடிப் பேருக்குச் செவிக் குறைக்கான உதவி தேவைப்படுகிறது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அத்தனை பேருக்கும் கூப்பிடு தூரத்தில் நிபுணர் கிடைக்க மாட்டார். கடுகளவு வடிகட்டி அடைத்துக் கொண்டதற்காக எத்தனை மெஷின்கள் அலமாரிக்குள் தூங்குகின்றன! அவற்றின் சொந்தக்காரர்கள் திண்ணையில் மௌனமாக உட்கார்ந்திருக்கிறார்கள். வடிகட்டியை மாற்றவும், ரிசீவரை மாற்றவும் வீட்டில் ஒருவர் கற்றுக் கொள்வது பெரிய புண்ணியம். அமெரிக்காவில் 2022 அக்டோபர் முதல், செவிக் குறை லேசாகவோ நடுத்தரமாகவோ உள்ள பெரியவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமலே கடையில் காது மெஷின் வாங்கிக் கொள்ளச் சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் அதே சட்டம், அப்படி விற்கும் மெஷினின் ஒலி 111 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது, ஒலியைத் தானே அடக்கிக் கொள்ளும் வகை என்றால் 117 வரை போகலாம் என்று ஒரு வரம்பும் கட்டியது. கைக்குச் சுதந்திரம் கொடுத்து, காதுக்குக் காவலும் வைத்த சட்டம். எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது.

இன்னொரு கட்சியும் உண்டு. 'அன்பு இருக்குமிடத்தில் கேட்க வேண்டிய அவசியம் என்ன? பசிக்கிறதா என்று கேட்டுவிட்டா தாய் பால் கொடுக்கிறாள்?' என்பார்கள். உண்மை, தாய் கேட்பதில்லை. ஆனால் அவள் குழந்தையின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதும் இல்லை. குழந்தை முகத்தைச் சுளித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். நாம் வயதானவர்களுக்கு உதவி செய்யும்போது அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை. நம்முடைய கையைப் பார்க்கிறோம். அன்று இரவு நான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தது ஆணியை. அக்காவின் தோள் குலுங்கியது கண்ணாடி இல்லாமலே தெரிந்தது. நான் அதைச் சந்தோஷம் என்று அர்த்தம் பண்ணிக் கொண்டேன்.

சரி, அக்காவின் மேல் தவறே இல்லையா? வலியை மறைத்துப் புன்னகை செய்வதை நம் குடும்பங்களில் பொறுமை என்கிறோம், பெருந்தன்மை என்கிறோம். அந்தப் பொறுமையால் யாருக்கு என்ன லாபம்? அவள் காது புண்பட்டது. நானோ அறியாமலே அவளைத் துன்புறுத்துகிறவனாக இருந்து கொண்டிருந்தேன். 'வலிக்கிறது' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இரண்டு பேரும் தப்பியிருப்போம். உதவி பெறுகிறவருக்கும் உண்மையைச் சொல்லும் கடமை ஒன்று உண்டு என்றே எண்ணுகிறேன்.

ஆனால் இந்த நியாயத்தை அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. காரணம், அவளுக்கு மௌனத்தைக் கற்றுக் கொடுத்தவன் நான். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, அவள் ஜுரத்தில் படுத்திருந்த ஒரு நாள், நானே ரசம் வைத்துக் கொடுத்தேன். உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். அவள் ஒரு சொல் சொல்லாமல் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். அது போகட்டும், குழந்தை விஷயம். முப்பது வருஷங்களுக்கு முன், என் நாவல் ஒன்றைப் படித்துவிட்டு, "தம்பி, இதிலே வர்ற விதவைப் பொண்ணு ரொம்பப் பேசறாளே, நாங்க அப்படியா பேசறோம்?" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு நாட்கள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் என் எழுத்தைப் பற்றி நல்லதைத் தவிர வேறெதுவும் சொன்னதில்லை. அவளுக்கு என் கதைகள் பிடித்துப் போய்விட்டன என்று இத்தனை காலம் நம்பிக் கொண்டிருந்தேன்.

குறை சொன்னால் முகம் வாடுகிறவனுக்கு எவரும் குறை சொல்ல மாட்டார்கள். அவன் செய்வதெல்லாம் சரி என்ற பொய்க்குள் அவனை வாழ விட்டுவிடுவார்கள். கொடுக்கிறவன் பெறுகிறவனாகவும் இருக்க வேண்டும். பெற்றவர் திருப்பிச் சொல்வதை வாங்கிக் கொள்ள வேண்டும். காதுக்குக் கொடுக்கிற அந்த அரிசி மணிக்கு 'பெறுவது' என்று பெயர் வைத்த டெலிபோன்காரர்கள் இதையெல்லாம் நினைத்திருக்க மாட்டார்கள். ஆயினும் உதவி செய்கிற ஒவ்வொருவனும் சூட்டிக் கொள்ளத் தக்க பெயர் அது.

ஆடியாலஜிஸ்ட் எழுதிக் கொடுத்தபடி நடுத்தர ரிசீவரை வரவழைத்தேன். இந்தத் தடவையும் நானே மாட்டினேன். பகல் வேளையில், அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டு. ஆணி ஒரு தடவைதான் கீழே விழுந்தது. மாட்டிய பிறகு "கேட்குதா?" என்று கேட்கவில்லை. "எப்படி இருக்கு அக்கா? ஒளிக்காமல் சொல்லு" என்றேன். குழாயைத் திறந்தேன், டம்ளரை மேஜைமேல் வைத்தேன், பேத்தியைப் பேசச் சொன்னேன். அக்கா ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். சொல்லலாமா என்று அளந்து பார்க்கிற பார்வை. பிறகு, "சத்தம் சரியா இருக்கு தம்பி. ஆனா இந்தக் குமிழ் பெரிசு. உறுத்துது" என்றாள். சின்னக் குமிழை மாட்டினேன். "இப்போ?" "இப்போ சரி." மறு வாரம் ஆடியாலஜிஸ்டிடம் போய் அமைப்பையும் சரி பார்த்துக் கொண்டு வந்தோம்.

அன்று முதல் அக்கா ஜன்னலோர நாற்காலிக்குத் திரும்பிவிட்டாள். நானும் "ஒண்ணுமில்லை அக்கா" என்று சொல்வதை நிறுத்திக் கொள்ள முயன்று வருகிறேன். முயன்று வருகிறேன் என்றுதான் சொல்ல முடியும். பத்து வருஷத்துப் பழக்கம் ஒரு நாளில் போய்விடாது.

நேற்று என் மனைவி ஊருக்குப் போயிருந்தாள். நான்தான் சமையல். இலையின் முன் உட்கார்ந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக் கொண்ட அக்கா, நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"தம்பி, ரசத்திலே உப்பு ஜாஸ்தி" என்றாள்.

எனக்கு முகம் வாடவில்லை என்றே நினைக்கிறேன்.